நவம்பரில் வெளிநாட்டில் இருக்கும் ஓய்வூதியர் வாழ்நாள் சான்று கொடுப்பது எப்படி?

மகளின் பிரசவத்துக்கு, பேரனைப் பார்க்க என்று செப்டம்பரிலோ அக்டோபரிலோ விமானம் ஏறும் ஓய்வூதியர்கள் நிறையப் பேர். அமெரிக்கா என்றால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தங்கிவிட்டுத்தான் வருவார்கள். நடுவில் நவம்பர் வந்துவிடும். மத்திய அரசு ஓய்வூதியருக்கு அது வாழ்நாள் சான்று, அதாவது லைஃப் சர்டிபிகேட், கொடுக்க வேண்டிய மாதம். அது போய்ச் சேரவில்லை என்றால் டிசம்பர் மாத பென்ஷன் கணக்கில் ஏறாது. நவம்பர் பென்ஷன் வழக்கம்போல மாதக் கடைசியில் வந்துவிடுவதால், ஏதோ தவறிவிட்டது என்பது டிசம்பர் 31 வாக்கில்தான் தெரியவரும்.

தற்காலிகமாக வெளிநாடு போனதற்காக யாருடைய பென்ஷனையும் நிறுத்துவதில்லை. சான்று போகவேண்டிய இடத்துக்குப் போகாததால்தான் நிறுத்துகிறார்கள். அதனால் இந்தப் பதிவில் ‘எங்கே போகவேண்டும்’ என்ற கேள்விக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். செயலியைத் தரவிறக்குவது, ஓடிபியைத் தட்டுவது போன்றவற்றை வீட்டில் இருக்கும் யாரும் செய்துவிடுவார்கள்.

முதல் வேலை: உங்களுடைய மாதம் எது?

எல்லோருக்கும் நவம்பர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். அது சரியில்லை.

மத்திய அரசு, ரயில்வே, அஞ்சல் ஓய்வூதியர்களுக்கு நவம்பர். 80 வயது நிரம்பியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மற்றவர்கள் “முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன்” என்று செப்டம்பரில் கொடுத்தால் அது இந்த நவம்பருக்குக் கணக்காகாது. எனவே 80 வயதுக்குக் கீழே உள்ளவர், அக்டோபரில் கிளம்பி மார்ச்சில் திரும்புவதாக இருந்தால், வெளிநாட்டிலிருந்துதான் சான்று கொடுத்தாக வேண்டும். வேறு வழியில்லை.

வருங்கால வைப்பு நிதியிலிருந்து பென்ஷன் வாங்கும் இபிஎஸ் 95 ஓய்வூதியர்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் கொடுத்துவிட்டால் நிம்மதியாகப் போய்வரலாம். போன ஆண்டு பிப்ரவரியில் கொடுத்திருந்தாலும், அது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புதிதாக ஒன்றைக் கொடுங்கள், அன்றிலிருந்து ஓராண்டு எண்ணிக்கொள்வார்கள்.

தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு இதற்குப் பெயர் நேர்காணல். முன்பு எல்லோருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று இருந்தது. இப்போது அவரவர் ஓய்வுபெற்ற மாதத்தை ஒட்டி நடக்கிறது. மே மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் நவம்பரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மே மாதத்தில் எங்கே இருப்போம் என்று பார்த்தால் போதும். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர்கள் தமக்குரிய மாதம் எதுவென்று கருவூலத்தில் கேட்டு, பாஸ்போர்ட் உறையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயணச்சீட்டு எடுக்கும் முன்பே இதைப் பாருங்கள். தேதியைப் பத்து நாள் நகர்த்தினால் இந்த வேலையே இல்லாமல் போய்விடும் என்றால், நகர்த்துவதுதான் நல்லது.

இரண்டாவது: கிளம்பும் முன் வீட்டில் முடிக்க வேண்டியவை

சிம் கார்டுதான் முதலில். வங்கி, ஆதார் இரண்டிலும் பதிவான எண் எதுவோ அதில் ஓராண்டு செல்லுபடியாகும் ரீசார்ஜ் போட்டுவிடுங்கள். இங்கே இருக்கும்போதே சர்வதேச ரோமிங் வசதியை இயக்கச் சொல்லி, இயங்குகிறது என்ற எஸ்எம்எஸ் வந்துவிட்டதா என்று பாருங்கள். அங்கே போய் இறங்கிய பின் இயக்க முயன்றால், அதற்கும் ஓர் ஓடிபி கேட்கும். அந்த ஓடிபி ரோமிங் இல்லாத சிம்முக்கு வரவே வராது. இரண்டு சிம் போடும் கைபேசியாக இருந்தால் இந்திய சிம்மைக் கழற்றவே வேண்டாம். அதில் டேட்டாவை மட்டும் நிறுத்திவையுங்கள்.

மின்னஞ்சல் முகவரி ஒன்று கட்டாயம் வேண்டும். வாழ்நாள் சான்றை மின்னணு முறையில் எடுக்க உதவும் அரசின் ஜீவன் பிரமாண் செயலி ஓடிபியை எஸ்எம்எஸ் மூலமும் மின்னஞ்சல் மூலமும் அனுப்புகிறது. அமெரிக்காவில் எஸ்எம்எஸ் வராமல் தவிக்கும்போது மின்னஞ்சல்தான் கைகொடுக்கும். பேரனின் மின்னஞ்சலைக் கொடுப்பதைவிட, ஓய்வூதியர் பெயரிலேயே ஒன்றைத் தொடங்கி, கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைப்பது மேல். அடுத்த ஆண்டும் அதே முகவரி உதவும்.

வங்கியில் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது அது காலாவதியானால் கணக்கை முடக்கி வைப்பார்கள். காணொளி மூலம் கேஒய்சி செய்யும் வசதி, ரிசர்வ் வங்கி விதிப்படி, வெளிநாட்டு இணைய முகவரியிலிருந்து வரும் இணைப்பை ஏற்கக்கூடாது. ஆகவே நேரில் முடித்துவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு. இதே காரணத்தால், சில வங்கிகள் தரும் காணொளி வாழ்நாள் சான்றை மட்டும் நம்பிக்கொண்டு வெளிநாடு போவதை நான் பரிந்துரைப்பதில்லை.

பிபிஓ, அதாவது பென்ஷன் வழங்கும் ஆணை, நகலின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டுக்கொள்ளுங்கள். அச்செடுத்த நகல் இரண்டும் பையில் இருக்கட்டும். வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் நகல் இவையும் வேண்டும். வங்கி அல்லது கருவூலத்தின் வாழ்நாள் சான்றுப் படிவம் வெற்றாக இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு, தம்பியோ மருமகளோ, “என் சார்பில் வாழ்நாள் சான்றை ஒப்படைக்க இவருக்கு அதிகாரம் அளிக்கிறேன்” என்று கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பிபிஓ எண், கணக்கு எண், இருவருடைய கையெழுத்தும் அதில் இருக்கட்டும். ஒரு நகலை வங்கிக் கிளையில் கொடுத்து, மற்றொரு நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். செயலி வேலை செய்துவிட்டால் இந்தக் கடிதம் தேவைப்படாது. செய்யாவிட்டால் இது இல்லாமல் நகர முடியாது.

கடைசியாக, ஜீவன் பிரமாண் செயலி, முகத்தை ஆதாரோடு ஒப்பிடும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலி இரண்டையும் இங்கேயே நிறுவுங்கள். வெளிநாட்டு ப்ளே ஸ்டோர் கணக்கில் இவை கிடைக்காமல் போகலாம். இங்கே நிறுவிவிட்டால் ஆபரேட்டர் பதிவு வரை ஒரு முறை செய்து பார்த்துவிடலாம்.

மூன்றாவது: முகம் காட்டிச் சான்று எடுப்பது

ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் கைரேகை, கருவிழி கொண்டு தொடங்கியது. 2021 நவம்பரில் முகத்தை வைத்தே எடுக்கும் முறை வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த முக முறைதான். கைரேகைக் கருவியைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் வேலை வேண்டாம். வயதானவர்களின் விரல்ரேகை தேய்ந்துபோய் அந்தக் கருவி இங்கேயே மக்கர் பண்ணும்.

ஓரளவு புதிய ஆண்ட்ராய்டு கைபேசியையே பயன்படுத்துங்கள். ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியை நிறுவியபின் பெரும்பாலான கைபேசிகளில் அதற்கென்று சின்னம் எதுவும் திரையில் தெரியாது. நிறுவவில்லையோ என்று திரும்பத் திரும்ப நிறுவுகிறார்கள். அது பின்னணியில் இயங்கும் சேவை. செட்டிங்ஸில் செயலிப் பட்டியலைப் பார்த்தால் இருக்கும். முகம் எடுக்க வேண்டிய நேரத்தில் ஜீவன் பிரமாண் செயலியே அதை அழைத்துக்கொள்ளும்.

எம் ஆதார் செயலியில் பயோமெட்ரிக் பூட்டு போட்டு வைத்திருந்தால் முகச் சரிபார்ப்பு தோற்கும். முதலில் பூட்டைத் திறந்துவிட்டு, உடனே வேலையைத் தொடங்குங்கள். தற்காலிகமாகத் திறந்த பூட்டு சில நிமிடங்களில் தானே மூடிக்கொள்ளும்.

செயலியில் முதலில் வருவது ஆபரேட்டர் பதிவு. யார் இந்தக் கைபேசியை இயக்குகிறார் என்று அது கேட்கிறது. ஆதார் வைத்திருக்கும் எவரும் ஆபரேட்டராக இருக்கலாம். மகன் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஆதார் இல்லாதவராக இருந்தால் கவலை வேண்டாம். ஓய்வூதியரே தம் ஆதார் எண்ணை ஆபரேட்டருக்கும் கொடுக்கலாம். ஆதார் எண், கைபேசி எண், மின்னஞ்சல், ஓடிபி, பெயர், முகம். ஒரு கைபேசிக்கு ஒரு முறை செய்தால் போதும்.

அடுத்தது ஓய்வூதியர் பதிவு. மறுபடி ஆதார், கைபேசி எண், மின்னஞ்சல், ஓடிபி. அதன்பின் வரும் பக்கத்தில்தான் நிறுத்தி நிதானிக்க வேண்டும்.

தடுக்கி விழும் இடம்: பென்ஷன் தருவது யார்?

பெயர், பென்ஷன் வகை, பென்ஷன் அனுமதித்த அதிகாரி, பென்ஷன் வழங்கும் நிறுவனம், பிபிஓ எண், கணக்கு எண் என்று அந்தப் பக்கம் கேட்கும். ‘பென்ஷன் வழங்கும் நிறுவனம்’ என்ற இடத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தம் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் வங்கியில்தானே ஏறுகிறது! ஆனால் இங்கே கேட்பது பணம் எங்கே ஏறுகிறது என்பதை அல்ல. மாதாமாதம் பென்ஷனைக் கணக்கிட்டு அனுப்பும் அலுவலகம் எது என்பதைக் கேட்கிறது. சிலருக்கு இரண்டும் ஒன்று. பலருக்கு வேறு வேறு.

மத்திய அரசு சிவில் ஓய்வூதியர், ரயில்வே ஓய்வூதியர் என்றால் பெரும்பாலும் வங்கிதான் கணக்கிட்டு அனுப்புகிறது. வங்கியின் மத்திய ஓய்வூதியச் செயலாக்க மையம் அதைச் செய்கிறது. இவர்கள் வங்கியைத் தேர்ந்தெடுப்பது சரி.

பிஎஸ்என்எல்லில் இருந்து ஓய்வுபெற்று, தொலைத்தொடர்புத் துறையின் பென்ஷன் வழங்கும் முறையான ‘சம்பன்’ மூலம் பென்ஷன் வாங்குபவர்கள் வங்கியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவர்களுக்குப் பென்ஷனை வழங்குவது தொலைத்தொடர்புத் துறையின் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலகம். வங்கி வெறும் பெட்டி. பட்டியலில் சம்பன் என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2018 டிசம்பரில் சம்பன் வருவதற்கு முன் ஓய்வுபெற்று, பின்னர் அதற்கு மாற்றப்பட்டவர்கள் பழைய நினைவில் வங்கியையே போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

முன்னாள் படைவீரர்கள், பாதுகாப்புத் துறையே பென்ஷன் வழங்கும் ‘ஸ்பர்ஷ்’ முறைக்கு மாறியிருந்தால் இதே கதைதான். வங்கிக்குப் பதிலாக ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுங்கள்.

இபிஎஸ் 95 என்றால் அனுமதித்ததும் வருங்கால வைப்பு நிதி அமைப்பான இபிஎஃப்ஓ, வழங்குவதும் இபிஎஃப்ஓ. 2025 ஜனவரி முதல் எந்த வங்கிக் கிளையிலும் இந்தப் பென்ஷனைப் பெறலாம் என்று ஆகிவிட்டது. அதனால் வங்கிப் பெயருக்கு இங்கே இன்னும் முக்கியத்துவம் குறைந்துவிட்டது.

தமிழ்நாடு அரசு ஓய்வூதியருக்கு வழங்குவது கருவூலம், சென்னையில் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம். அனுமதித்த அதிகாரி என்பதில் மாநில அரசு, தமிழ்நாடு என்றும், வழங்கும் இடத்தில் கருவூலம் என்றும் வரவேண்டும். வங்கியில் கொண்டுபோய்ச் சான்று கொடுத்துவிட்டு, “கொடுத்துவிட்டேனே, ஏன் நின்றது” என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். அந்த வங்கிக்கு இதில் செய்ய ஒன்றுமே இல்லை.

சந்தேகம் இருந்தால் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் கடைசியாக பென்ஷன் ஏறிய வரியைப் பாருங்கள். யார் அனுப்பியது என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். சம்பன், ஸ்பர்ஷ், கருவூலம் என்று தெரிந்தால் அதுதான் உங்கள் வழங்கும் நிறுவனம்.

வங்கியே வழங்குகிறது என்றாலும் இன்னொரு பொறி இருக்கிறது. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. பிபிஓவில் பழைய பெயர்தான் இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது இன்றைய வங்கியை. கணக்கு எண்ணும் இணைப்புக்குப் பின் மாறியிருந்தால் புதிய எண்ணையே போடுங்கள்.

பிபிஓ எண்ணைப் பாஸ்புக்கைப் பார்த்துப் போடாமல் பிபிஓவைப் பார்த்தே போடுங்கள். மத்திய சிவில் ஓய்வூதியரின் எண் 12 இலக்கம். முதல் ஐந்து இலக்கம் பிபிஓ வழங்கிய அலுவலகத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதையும் விடாமல் தட்ட வேண்டும். ஒற்றை இலக்கம் பிசகினாலும் சான்று உருவாகும். ஆனால் வழங்கும் அலுவலகத்தின் பதிவோடு பொருந்தாமல் தள்ளுபடியாகும்.

மறுபடி வேலையில் சேர்ந்தீர்களா, மறுமணம் செய்தீர்களா என்ற கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஆம் என்றால் மின்னணுச் சான்று எடுக்க முடியாது; காகிதச் சான்றுதான்.

முகம் எடுக்கும்போது

ஜன்னலுக்கு எதிரே, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுபோகும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். பின்புறம் வெற்றுச் சுவராக இருக்கட்டும். சுவரில் மாட்டிய படத்தில் இருக்கும் முகம்கூடக் குழப்பும்.

இந்தச் செயலி கண் சிமிட்டுவதைப் பார்த்து உயிருள்ள முகம் என்று முடிவு செய்கிறது. கண்புரை அறுவைச் சிகிச்சை ஆனவர்களும், இமை தொங்கியவர்களும் லேசாகச் சிமிட்டினால் அதற்குப் புரிவதில்லை. கண்ணை நன்றாக அகலத் திறந்து, ஒரு நொடி அழுத்தி மூடி, மறுபடி திறக்கச் சொல்லுங்கள். திரையைப் பார்க்காமல் கேமரா இருக்கும் புள்ளியைப் பார்க்க வேண்டும். கைபேசியை ஓய்வூதியர் பிடிக்க வேண்டாம். கை நடுங்கினால் வட்டம் பச்சையாவதற்குள் முகம் விலகிவிடும். இன்னொருவர் முகத்தின் உயரத்துக்குப் பிடிக்கட்டும். மூன்று முறை தோற்றால் நிறுத்திவிட்டு, வேறு அறைக்குப் போய், அரை மணி கழித்து முயலுங்கள். விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பதால் வயதானவர்தான் களைத்துப்போகிறார், பலன் இல்லை.

ஆதாரில் இருக்கும் புகைப்படம் பதினைந்து ஆண்டுப் பழையது என்றால் பொருத்தம் கிடைப்பது கடினம். இது ஊரில் இருக்கும்போதே ஆதார் மையத்தில் சரிசெய்ய வேண்டிய விஷயம். அங்கே போனபின் காகித வழிதான்.

இணைப்பு மறுக்கப்படுகிறது என்றால் இருக்கும் நாட்டை மறைத்து இணைக்கும் இலவச விபிஎன் செயலியைத் தேடி ஓடாதீர்கள். ஆதார் எண்ணும் பிபிஓ எண்ணும் கணக்கு எண்ணும் ஒரே பக்கத்தில் தட்டப் போகிறீர்கள். யாரென்று தெரியாத ஒருவர் கையில் அந்த வழியைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவை ஒரு நாளைக்கு வாங்கி அதில் முயன்று பாருங்கள்.

நான்காவது: பிரமாண் ஐடி வந்துவிட்டது. இன்னும் முடியவில்லை

முகம் பொருந்தியதும் பிரமாண் ஐடி ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும். சான்று உருவானது என்பதற்கு மட்டும்தான் அது அடையாளம். வழங்கும் அலுவலகம் அதை எடுத்துப் பார்த்து, பிபிஓவோடு ஒப்பிட்டு, ஏற்கவோ தள்ளவோ செய்யும். பிரமாண் ஐடி வந்த மகிழ்ச்சியில் கைபேசியை மூடி வைத்துவிட்டு, டிசம்பர் கடைசியில் பணம் வராதபோது திகைப்பது இதனால்தான்.

நான்கைந்து நாள் கழித்து ஜீவன் பிரமாண் அரசு இணையதளத்தில் ஓய்வூதியர் உள்நுழைவில் போய், பிரமாண் ஐடியும் ஓடிபியும் கொடுத்து நிலையைப் பாருங்கள். தள்ளுபடி என்றால் காரணமும் இருக்கும். திருத்தி இன்னொரு முறை எடுக்கலாம். சான்றின் பிடிஎஃப்பைத் தரவிறக்கி, கிளைக்கும் செயலாக்க மையத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். விதிப்படி இது தேவையில்லை, ஆனால் பின்னால் பேச்சு வந்தால் தேதியோடு கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

இதற்கெல்லாம் நாள் வேண்டும் என்பதால், நவம்பர் முதல் வாரத்திலேயே எடுங்கள். கலிஃபோர்னியாவில் நவம்பர் 30 காலை 10.30 ஆகும்போது இந்தியாவில் டிசம்பர் பிறந்துவிடுகிறது. கடைசி நாள் என்று நீங்கள் நினைப்பது இந்தியாவில் கடைசி நாளாக இருக்காது.

ஐந்தாவது: காகித வழி

செயலி கைவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம். மத்திய அரசு சிவில் ஓய்வூதியர்களுக்கான விதி தெளிவாக இருக்கிறது. இந்தியாவில் இல்லாத ஓய்வூதியரின் சார்பில், மாஜிஸ்திரேட், நோட்டரி, வங்கி அதிகாரி, இந்தியத் தூதரக அதிகாரி ஆகியோரில் ஒருவர் கையெழுத்திட்ட வாழ்நாள் சான்றை, ஓய்வூதியர் அதிகாரம் அளித்தவர் கொண்டுபோய்க் கொடுத்தால் ஓய்வூதியர் நேரில் வர வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கும் இதே மாதிரியான சான்று செல்லும்; அதைக் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும்.

என் தேர்வு எப்போதும் தூதரகம்தான். பாஸ்போர்ட்டில் அல்லது பிபிஓவில் உள்ள படத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டு கையெழுத்திட்டுத் தருகிறார்கள், கட்டணம் கிடையாது. இந்திய முத்திரை இருப்பதால் இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. அமெரிக்காவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகங்கள் நவம்பரை ஒட்டி வாழ்நாள் சான்று முகாம்களே நடத்துகின்றன. கோயில், சமூகக் கூடம் போன்ற இடங்களிலும் வைப்பதுண்டு. அக்டோபர் மாதத்திலிருந்தே அவர்கள் இணையப் பக்கத்தைப் பார்த்துவாருங்கள். நடக்க முடியாதவர்கள் மருத்துவர் சான்றோடு ஆவணங்களைத் தபாலில் தூதரகத்துக்கு அனுப்பிச் சான்று கேட்கவும் மத்திய அரசு விதியில் இடம் இருக்கிறது.

தூதரகம் நாலைந்து மணி நேரப் பயணம் என்றால் நோட்டரி. அமெரிக்க நோட்டரியிடம் போகும்போது இரண்டு விஷயம். படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போடாதீர்கள். அவர் கண்முன்னால்தான் போட வேண்டும். “இவர் உயிருடன் இருக்கிறார் எனச் சான்றளிக்கிறேன்” என்ற வாசகத்தில் கையெழுத்திட அங்குள்ள நோட்டரிகள் தயங்குவார்கள், அவர்களுடைய அதிகாரம் கையெழுத்தைச் சரிபார்ப்பதுதான். “நான் உயிருடன் இருக்கிறேன்” என்று ஓய்வூதியரே உறுதிமொழியாக எழுதி, அவர்முன் கையெழுத்திட, அவர் இன்ன தேதியில் இன்னார் என் முன் நேரில் தோன்றிக் கையெழுத்திட்டார் என்று முத்திரையிட்டுத் தருவார். இந்தியப் படிவத்தையும் இதையும் சேர்த்து அனுப்புங்கள். இதை ஏற்பதாக வங்கியிடம் மின்னஞ்சலில் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டால் திரும்ப ஓட வேண்டியிருக்காது.

சான்றில் பெயர், பிபிஓ எண், பார்த்த தேதி, இடம், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். தேதி நவம்பருக்குள் விழ வேண்டும். மூலப் பிரதியைப் பின்தொடரும் எண் உள்ள கூரியரில் ஊரில் இருக்கும் உங்கள் ஆளுக்கு அனுப்புங்கள், வங்கிக்கு நேரடியாக வேண்டாம். அவர் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி, படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. அந்த வாரத்தில் நோட்டரியும் கிடைக்க மாட்டார், கூரியரும் தாமதிக்கும்.

நின்றுவிட்டால்

பதற வேண்டாம். சான்று சேர்ந்ததும் பென்ஷன் திரும்பத் தொடங்கும்; நின்ற மாதங்களின் நிலுவையும் சேர்ந்து வரும். இழப்பு என்பது இடைப்பட்ட மாதங்களில் கையில் பணம் இல்லாததுதான். ஊரில் வீட்டுக் கடனோ, காப்பீட்டுத் தவணையோ, வாடகையோ அந்தக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுகிறது என்றால், இரண்டு மாதத்துக்குப் போதுமான தொகையைக் கணக்கில் விட்டுவிட்டுப் போங்கள். சான்று கொடுத்தபின் கிளைக்கு எழுதும்போது பிரமாண் ஐடி, அது ஏற்கப்பட்ட தேதி, பிபிஓ எண், நின்ற மாதம் ஆகிய நான்கையும் முதல் பத்தியிலேயே கொடுங்கள். “என் பென்ஷன் வரவில்லை” என்று மட்டும் எழுதினால் பதில் கடிதத்தில் இவற்றைக் கேட்பார்கள். அதில் ஒரு வாரம் போகும்.

கணக்கு, வரி பற்றி ஒரு பத்தி

சுற்றுலா விசாவில் பிள்ளைகளைப் பார்த்துவரப் போகிறவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவராகவே இருப்பார். சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்கு) ஆக மாற்ற வேண்டியதில்லை. வருமான வரியிலும், சில மாதம் வெளியே இருந்ததால் நிலை மாறிவிடாது. பென்ஷனுக்கு வழக்கம்போல வரி. கிரீன் கார்டு வாங்கி அங்கேயே தங்கப் போகிறவர்கள், கனடாவின் சூப்பர் விசாவில் ஒரே மூச்சில் ஐந்தாண்டு வரை தங்கப் போகிறவர்கள் கதை வேறு. அவர்கள் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றிக்கொண்டு, பென்ஷனை அதில் பெறலாம். ஆடிட்டர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டதால்

இரண்டு பென்ஷன் வாங்குபவர்களுக்கு ஒரு சான்று போதுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. தமக்கென்று சொந்தப் பென்ஷனும், காலமான கணவரின் குடும்பப் பென்ஷனும் வாங்கும் அம்மாக்களுக்கு இரண்டு பிபிஓ எண்கள் இருக்கும். ஒவ்வொரு பிபிஓவுக்கும் தனித்தனியாக முகம் காட்டி, தனித்தனி பிரமாண் ஐடி எடுக்க வேண்டும். ஒன்று மத்திய அரசு, மற்றது தமிழ்நாடு அரசு என்றால் மாதங்களும் வேறுவேறாக இருக்கும். இரண்டாவதை எடுக்கும்போது பென்ஷன் வகையில் ‘குடும்பம்’ என்று மாற்ற மறந்துவிடுகிறார்கள், கவனம்.

“பென்ஷன் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் வாழ்நாள் சான்றை நாங்களே புதுப்பித்துத் தருகிறோம், வந்த ஓடிபியைச் சொல்லுங்கள்” என்று நவம்பரில் அழைப்புகள் வருகின்றன. முகமோ கைரேகையோ கருவிழியோ இல்லாமல் ஜீவன் பிரமாண் சான்றை யாராலும் எடுத்துத் தர முடியாது. தொலைபேசியில் கேட்கப்படும் ஓடிபி உங்கள் வங்கிக் கணக்குக்கானது. வைத்துவிட்டு, அந்த எண்ணைத் தடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது வரும் அழைப்பு இது. அப்பாவிடமும் அம்மாவிடமும் இதை இப்போதே ஒரு முறை சொல்லி வையுங்கள்.

பிரமாண் ஐடி எஸ்எம்எஸ் வரவேயில்லை, செயலியில் மட்டும் ‘வெற்றி’ என்று காட்டியது என்ற கேள்வியும் வந்திருக்கிறது. ரோமிங்கில் எஸ்எம்எஸ் தொலைந்துபோவது சகஜம். அந்தத் திரையிலேயே ஐடி தெரியும். மூடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.